ஒரு யூரோ எண்பது சென்ட்

கடிதம் வந்தது.
பதினெட்டாயிரத்துக்கு ஒரு வருட வட்டி
ஒரு யூரோ எண்பது சென்ட்.
அதைச் சொல்ல வந்த உறையின் தபால் செலவு
எண்பத்தைந்து சென்ட்.
கீழே பொடி எழுத்தில் இன்னொன்று:
ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருப்போர்
வங்கிக்குக் காப்புக் கட்டணம் தர வேண்டும்.
நல்லவேளை,
நான் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை.

முப்பத்தோரு வருடம்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நான்.
ரோஸ்வித்தா தெம்லர், மூன்றாம் கவுன்டர்,
ஓல்டன்பர்க் கிளை.
அக்டோபர் கடைசியில் சேமிப்பு நாள் வரும்.
மழைக்கோட்டு சொட்டச் சொட்டப் பிள்ளைகள்
உண்டியலைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.
பன்றி, யானை, ஒருமுறை பச்சை நீர்யானை.
வயிற்றுத் தக்கையைத் திருகினால்
ஃபென்னிக் காசுகளோடு பொத்தான், பால் பல்,
ஒட்டிப்போன மிட்டாய்.
எண்ணும் இயந்திரம் கடகடவென்று விழுங்கும்.
"எடுக்காமல் வை கண்ணு, குட்டி போடும்" என்பேன்.
பொய் இல்லை.
அப்போது போட்டது.

இப்போது போடுவதில்லை.
மலடு என்று சொல்ல வாய் வரவில்லை.
அந்தச் சொல்லை என்மேல் எறிந்தவர்கள் உண்டு.

மருந்துக்கடைக் காலண்டரின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
ஓய்வூதியம் வாடகைக்கும் ஹீட்டருக்கும் சரி.
மாதம் நூறு இதிலிருந்து எடுத்தால்
பதினைந்து வருடம்.
எழுபத்தொன்றும் பதினைந்தும் எண்பத்தாறு.
அம்மா தொண்ணூற்று மூன்றுவரை இருந்தாள்,
பல் அத்தனையும் சொந்தம்.
ஆக ஏழு வருடம் துண்டு விழுகிறது.
விலைவாசியை இதில் சேர்க்கவில்லை.
வாஷிங் மெஷின் சாகாது என்றும் வைத்துக்கொண்டேன்.

மேல்வீட்டு ஹார்ட்விக் பங்கு வாங்கச் சொல்கிறார்.
பங்கு ஏறிய நாளில்
விசிலடித்தபடி மாடிப்படியில் ஏறுவார்,
இறங்கிய நாளில் பேசாமல் லிஃப்டில் போவார்.
மூன்று வாரமாக லிஃப்ட்தான்.
வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை விட்டவர்களைக்
கவுன்டரில் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான்.
வட்டியே இல்லாத ஊரில்
எதற்கு ஆசைப்பட்டு எதை விடுவது?

சனிக்கிழமை சந்தையில்
கேல் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
தாடி நரைக்கத் தொடங்கிய ஒருவர்
என்னையே பார்த்தார்.
"நீர்யானை" என்றார்.
எனக்கு உடனே பிடிபட்டது.

பதினெட்டு வயதுவரை தொடவில்லையாம்.
முதலுக்கு மொபெட், வட்டிக்கு ஹெல்மெட்.
மொபெட் இரண்டாம் வாரமே திருட்டுப்போனது.
ஹெல்மெட் இன்னும் இருக்கிறது,
அதில் மனைவி வெங்காயம் போட்டு வைக்கிறாளாம்.
சிரித்தோம்.
மன்னிப்புக் கேட்கலாமென்று தோன்றியது,
எதற்கென்று தெரியாததால் கேட்கவில்லை.

திங்களன்று கிளைக்குப் போனேன்.
மூன்றாம் கவுன்டர் இருந்த இடத்தில் ஒரு செடி.
தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்.
ஒரு யூரோ எண்பதை மட்டும் எடுக்க நினைத்தேன்.
ஐந்துக்குக் கீழே தருவதில்லை என்றது இயந்திரம்.
சரி, ஐந்து.
மூன்று யூரோ இருபது முதலிலிருந்து போகிறது.
வாழ்நாளில் முதல்முறையாக முதலைத் தொட்டேன்.
கடிக்கவில்லை.

எதிர்ப்புறம் பேக்கரி.
கசகசா ரொட்டியும் காப்பியும்
நாலு யூரோ எழுபது.
வட்டி தீர எத்தனை கடி என்று
எண்ணத் தொடங்கி மூன்றாவதில் மறந்துபோனேன்,
ஈரத் தெருவில் யாரோ சைக்கிளோடு வழுக்கி
விழாமல் சமாளித்ததைப் பார்த்ததில்.

தட்டில் கசகசா சிதறியிருந்தது.
விரல் நுனியை நாக்கில் தொட்டுத்தொட்டு
ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன்,
நோட்டு எண்ணுகிற கை.